விடிந்தால் செவ்வாய்

1930-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் ஆறாம் நாள், வியாழக்கிழமை, பௌர்ணமி. முதல் நாள் இரவு தொடங்கிய மழை காலை ஏழு மணிக்கு ஓய்ந்தது. ஒன்பது மணிவரை தூறல். பின்னர் நாள் முழுதும் மூட்டம். என் நாட்குறிப்பில் வானிலையைப் பற்றி இவ்வளவே எழுதியிருக்கிறேன். அன்று மாலை, பள்ளி விட்டதும், காரைக்குடியில் தேனம்மை ஆச்சியின் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சோணைமுத்து என்னும் சமையற்காரரை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான் என்று எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையென மறுநாளே அவர் எனக்குக் காட்டினார்.

ஆச்சியின் கணவர் சாத்தப்ப செட்டியார் பர்மாவில் பியாப்பொன் என்னும் ஊரில் ஒரு கடைக்கு மேலாளாக, அதாவது கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்துபவராக, இருந்தவர். மூன்றாண்டு அங்கே இருப்பதும், திரும்பி வந்து சில மாதம் இங்கே இருப்பதும், மீண்டும் கப்பலேறுவதும் அவர்கள் வழக்கம். மனைவியரை உடன் அழைத்துச் செல்வதில்லை. 1918-இல் ஊர் உலகமெல்லாம் பரவிய விஷக் காய்ச்சலில் அவர் அங்கேயே காலமானார். செய்தி ஆங்கிலத்தில் தந்தியாக வந்தது. அத்தெருவில் ஆங்கிலம் படிப்பவர் அந்நாளில் இல்லாமையால் தந்தி என்னிடம் கொண்டுவரப்பட்டது. அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி நான்கு மணிக்கு உயிர் பிரிந்தது என்று அதில் இருந்தது. நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அத்தேதிக்கு நேரே இருந்ததைப் பார்த்து, ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்: ‘காளயுக்தி வருடம், ஐப்பசி மாதம் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, தேய்பிறைத் திரிதியை.’

அன்று முதல் ஐப்பசித் தேய்பிறையின் மூன்றாம் நாளிலேயே அவ்வீட்டில் திதி கொடுத்து வந்தனர். 1930-இல் அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆச்சி பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, மகன் கொழும்பில் இருந்தமையால், கணவரின் தம்பி முத்துக்கருப்பன் செட்டியார்தான் எல்லாவற்றையும் செய்து வந்தார். வழக்கமான சமையற்காரருக்கு உடல்நலம் இல்லை. ஆவணியில் பர்மாவிலிருந்து திரும்பிய சோணைமுத்துவை முத்துக்கருப்பன் செட்டியார் அமர்த்தியிருந்தார்.

நான் உள்ளே நுழைந்தபோது ஆச்சி வீட்டின் உள்முற்றமாகிய வளவில் தூணை ஒட்டி அமர்ந்திருந்தார். முத்துக்கருப்பன் செட்டியார் நின்றுகொண்டிருந்தார். அடுப்படிக்குப் போகும் நடையில், துண்டை இடுப்பில் கட்டியபடி, கறுத்து மெலிந்த ஒருவர் நின்றார். வயது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

“வாங்க வாத்தியாரே, வந்து இந்தக் கூத்தைக் கேளுங்க,” என்றார் முத்துக்கருப்பன் செட்டியார். “காலையில அரிசி அளந்து வாங்க வந்தவன், எங்க அண்ணனுக்குத் திதி ஞாயித்துக்கிழமை இல்ல, சனிக்கிழமைங்கிறான். பஞ்சாங்கம் பாத்தியாப்பான்னா, அது பாக்கத் தெரியாதுங்கிறான்!”

“திதி இன்னதுன்னு நான் சொல்லலைங்க,” என்றார் சோணைமுத்து. “அவுக போன நாளைச் சொன்னேன். பியாப்பொன்னுல மூணு வருசம் அவுகளுக்கு ஆக்கிப் போட்டது நான்தான். அந்த வருசம் சனிக்கிழமை பௌர்ணமி. கழிஞ்சு ரெண்டாம் நாளு, திங்கக்கிழமை ராத்திரி, அவுக போனாக. விடிஞ்சா செவ்வாய். இங்க இன்னைக்குப் பௌர்ணமி. ரெண்டாம் நாளுன்னா சனிக்கிழமைதானே வருது?”

“பன்னெண்டு வருசத்துக்கு முந்தின பௌர்ணமி என்ன கிழமைன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“இருந்தேன்ல, தெரியாம எப்படிங்க?”

“இப்படித்தான் வாத்தியாரே, காலையில இருந்து. விட்டா நான் பொறந்த நாளையும் இவனே சொல்லுவான் போல.”

“நீங்க பொறந்தப்ப நான் அங்க இல்லைங்களே,” என்றார் சோணைமுத்து. அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

ஆச்சி சிரிக்கவில்லை. மடியில் இருந்த சிறு பெட்டியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒன்று அந்தத் தந்தி. மற்றொன்று என் கையெழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. நான் எழுதியதில் ஒரு புள்ளியும் பிழையில்லை என்று உறுதியாகவே சொன்னேன்.

“எழுத்துல பிழைன்னு நான் சொல்லலை,” என்றார் ஆச்சி. “எனக்கு ஒரே ஒரு சங்கதி தெரியணும். இந்த ஆளு சொல்றது நெசம்னா, பன்னெண்டு வருசமா நான் இலை போடுறதுக்கு முதல் நாளே அவுக வந்து நின்னுட்டுப் போயிருக்காக. வீட்டுல அடுப்பு எரியலை, விளக்கு வைக்கலை. யாரும் ஒரு வாய் தண்ணி வைக்கலை. மறுநாளு நான் ஊரைக் கூட்டிச் சோறு போட்டு என்ன செய்ய? யாருக்குப் போட்டேன்?”

“அண்ணமிண்டி, இவன் பேச்சைக் கேட்டு இப்படி…” என்று தொடங்கினார் கொழுந்தனார். அண்ணன் மனைவியை அவர்கள் அவ்வாறே அழைப்பார்கள்.

“ஒன்னையக் கேக்கலை. வாத்தியாரைத்தான் கேக்குறேன். அன்னைக்கு நாள் பாத்துக் கொடுத்தது நீங்கதானே? இன்னைக்கும் நீங்களே பாத்துச் சொல்லுங்க. நாளைக்குப் பொழுது அடையறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். சனிக்கிழமை போயிட்டா இன்னும் ஒரு வருசம் அவுக பசியா இருக்கணும்.”

மறுக்க இயலவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக்கு வருமாறு சோணைமுத்துவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். இவற்றுள் சிலவற்றை அவரே மறுநாள் சொன்னார். சிலவற்றைப் பின்னர் நான் காளையார்கோவிலுக்குப் போயிருந்தபோது, அவர் மனைவி அக்கம்மாளிடம் கேட்டறிந்தேன்.

சோணைமுத்து காளையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வேளாண்மை செய்யும் குடும்பத்தில் 1882-இல் பிறந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாண்டு படித்தும் வாய்ப்பாடு ஏறவில்லை. ஆத்திசூடியில் நாலு வரிக்கு மேல் நிற்கவில்லை. மண்டையில் களிமண்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் எட்டாம் வயதில் ஒரு நாள், மாடு ஒன்று கிணற்றில் விழுந்து ஊரே கூடி அதைத் தூக்கிய நாள் முதல், தாம் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு நினைவிருந்தது. பெரிய நாள், சிறிய நாள் என்ற வேறுபாடு இல்லை. அன்று யார் வந்தார், யார் என்ன சொன்னார், மழை பெய்ததா, என்ன உண்டார்கள் என்பனவெல்லாம் வரிசை குலையாமல் இருந்தன.

அது ஒரு திறமை என்று அவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருபது வயது வரை நினைத்திருந்தார். பிறர் மறந்துபோயிற்று என்று சொல்லும்போதெல்லாம் பொய் சொல்லுகிறார்கள் என்று மனத்துக்குள் வருந்தியிருக்கிறார். அதனால் இரண்டு நண்பர்களை இழந்ததாகவும் சொன்னார்.

பாடமாகக் கேட்டவற்றையும் படித்தவற்றையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. இதை நான் பலமுறை சோதித்திருக்கிறேன். ஒரு வெண்பாவைப் பத்து முறை சொல்லிக் கொடுத்தும் முதற்சீரைத் தாண்டவில்லை. ஆனால் அந்த வெண்பாவை நான் சொல்லிக் கொடுத்த நாள், வேளை, அப்போது என் வீட்டுக் கூரையில் இருந்த காக்கை ஆகியவற்றை ஆறாண்டு கழித்துச் சொன்னார். அடுப்படியில் கரண்டியை எங்கே வைத்தோம் என்று ஒரு நாளைக்கு நான்கு முறை தேடுவார். நாளைச் சொன்னால் தமக்கு முதலில் அடுப்பு தெரியும் என்றும், அடுப்பு தெரிந்தால் சுற்றி நின்றவர்கள் தெரிவார்கள் என்றும் ஒருமுறை விளக்கினார்.

அக்கம்மாளின் கூற்று வேறுவகை.

“இந்த மனுசனோட சண்டை போட்டுச் செயிக்க முடியுமா வாத்தியாரையா? நான் இன்னைக்குப் புளி கரைக்க மறந்துட்டேன்னு வைங்க. கலியாணமாகி மூணாம் மாசம், ஆடிப் பதினெட்டு அன்னைக்கும் இதே மாதிரி மறந்தேங்கும். அன்னைக்கு நான் உடுத்தியிருந்த சேலைக் கரை வரைக்கும் சொல்லும்.”

“சேலைக் கரையை நினைவில் வைத்திருப்பது நல்லதுதானே, அம்மா?” என்றேன்.

“அட போங்க. அந்தச் சேலையை ஆத்துல விட்டவளும் நீதானேங்கும் அடுத்த வாய்க்கு!”

அவர்களுக்குச் சீதை என்று ஒரு மகள் இருந்தாள். நான்கு வயதில் இறந்துவிட்டாள். அதைப் பற்றிச் சோணைமுத்துவிடம் நான் கேட்கவில்லை. அவரே ஒரு நாள் சொன்னார்: “மத்தவுகளுக்குப் புண்ணு ஆறிப்போகும். எனக்கு அந்த நாளு அந்த நாளாவே வரும். ஆனா அவ சிரிச்ச நாளும் அப்படித்தான் வருது. அதனால கொறை சொல்லக் கூடாது.”

அவர் சமைத்ததை உண்டவர்கள் அவரைப் பற்றிச் சிரிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பரிமாறி முடித்ததும் ஒவ்வோர் இலையாக நின்று, “உப்பு போதுமா?” என்று கேட்பார். போதும் என்று சொன்னாலும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் கேட்பார். உப்புச் சோணை என்றே சிலர் அவரை அழைத்தனர். அது அவருக்கு இளமை முதல் இருந்த பழக்கம் அன்று என்று அக்கம்மாள் சொன்னார். பர்மாவிலிருந்து ஒருமுறை திரும்பியபோது அப்பழக்கத்தோடு வந்தாராம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். 1905 முதல் ஒரு நாளும் விடாமல் எழுதிய என் நாட்குறிப்புகளை எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். பர்மாவில் நடந்தவற்றை அவற்றால் சரிபார்க்க இயலாது. ஆயினும் அவர் ஊரில் இருந்த நாட்களைக் கேட்டால் மனிதரின் நம்பகம் விளங்கும் என்பது என் எண்ணம். 1915-ஆம் ஆண்டு மார்கழியில் அவர் இங்கே இருந்ததாகச் சொன்னார். அவ்வாண்டு நாட்குறிப்பை அவர் காணாதவாறு திறந்துகொண்டு கேட்டேன்.

“மார்கழி இரண்டு?”

அவர் கண்ணை மூடவில்லை, நெற்றியைச் சுருக்கவில்லை. வீட்டு வாசலைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைங்க. ஏகாதசி. அரியக்குடிப் பெருமாள் கோயில்ல சொர்க்க வாசலு தொறந்தாக. நானும் கூட்டத்தோட போனேன். தூறல் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்தா, ஒருத்தர் குளத்தங்கரை வரைக்கும் போனவரு, தலையில கையை வச்சுக்கிட்டு, ‘குடை, குடை’ன்னு திரும்பிக் கோயிலுக்கு ஓடினாரு. செருப்புல ஒண்ணு கழண்டு கிடந்துச்சு. நான்தான் எடுத்து ஓரமா வச்சேன்.”

என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப உங்களுக்கு மீசை இருந்துச்சு. நேத்து வீட்டுல பாத்தப்பவே தெரிஞ்சுச்சு. பெரியவுக முன்னாடி எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.”

என் நாட்குறிப்பில் இருந்தது இது: ‘வெள்ளி. வைகுண்ட ஏகாதசி. அரியக்குடி சென்றேன். தூறல். குடையை மறந்து, மீண்டும் பெற்றேன்.’ செருப்பைப் பற்றி நான் எழுதவில்லை. அது எனக்கு மறந்தும் போயிருந்தது. அவர் சொன்னதும் ஈரக்கல்லில் ஒற்றைச் செருப்போடு நின்றது நினைவுக்கு வந்தது.

இன்னும் ஐந்து நாட்களைக் கேட்டேன். ஐந்தும் பொருந்தின. ஏழாவதாக, 1924-இல் எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்த நாளைக் கேட்டேன். அது ஊரறிந்த செய்தி. யார் சொல்லியேனும் அவர் அறிந்திருக்கக் கூடும்.

“அது எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அப்ப பர்மாவுலல்ல இருந்தேன்,” என்றார்.

அவ்விடையே என்னை அசைத்தது. தாம் காணாததை அவர் கண்டதாகச் சொல்லவில்லை. நான் நாட்குறிப்பை மூடி வைத்துவிட்டு, பியாப்பொன்னில் நடந்ததைச் சொல்லுமாறு கேட்டேன்.

“அந்த வாரம் கிட்டங்கியில எட்டுப் பேருக்குக் காய்ச்சலுங்க,” என்றார். கிட்டங்கி என்பது பல கடையினரும் சேர்ந்து தங்கும் பெரிய வீடு. “நடமாடுனது நானும் இன்னொருத்தரும்தான். மேலாள் செட்டியாருக்கு ஞாயித்துக்கிழமை கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. ஊருக்குக் காயிதம் எழுதணும்னாக. திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேல மூச்சு வாங்குச்சு. ராத்திரி நான் எட்டுப் பேருக்கும் மாறி மாறி ஓடிக்கிட்டிருந்தேன். நாலு மணி அடிச்சுது. கிட்டங்கி முகப்புல ஒரு பெரிய மணியடிக்கிற சுவர்க்கடியாரம் உண்டு. அது அடிச்சு ஓயறதுக்குள்ள போயிட்டாக. கோழி கூவலை. நிலா மேக்கே சாஞ்சு இருந்துச்சு. பக்கத்துக் கிட்டங்கியில இருந்து ஆளுக்கு ஆளு விளக்கை எடுத்துக்கிட்டு வந்தாக. அப்புறம் விடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை.”

“நாலு மணி என்பது உறுதியா?”

“நாலு அடிச்சதுங்க. எண்ணுனேன்.”

தந்தியிலும் நான்கு மணிதான். நான் எழுந்து அலமாரியிலிருந்து காளயுக்தி வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். பழைய பஞ்சாங்கம் எதையும் நான் எறிவதில்லை. ஐப்பசி ஐந்தாம் நாள், திங்கட்கிழமைக்கு நேரே விரலை வைத்தேன். துவிதியை, ஐம்பத்தேழு நாழிகை. அந்நாள் சூரியோதயத்திலிருந்து ஐம்பத்தேழு நாழிகை என்றால், மறுநாள் பொழுது புலர ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்வரை துவிதியை நிற்கிறது. நான்கு மணிக்குத் திரிதியை பிறக்கவே இல்லை.

நான் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். தந்தி தவறவில்லை. சோணைமுத்துவும் தவறவில்லை. இரண்டும் ஒரே நேரத்தையே சொல்லின. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறிவிடும். நம் நாள் சூரியன் எழுந்தால்தான் மாறும். சிறு குழந்தையும் அறிந்த இதனைப் பள்ளியில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அப்படியிருந்தும், அழுதுகொண்டு நின்ற ஒரு வீட்டாருக்கு முன்னால், இருபத்திரண்டு என்ற எண்ணுக்கு நேரே எதுவோ அதை அப்படியே எடுத்து அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு மணி என்ற சொல்லைப் படித்தேன், எண்ணிப் பார்க்கவில்லை.

“என்னங்க, நான் சொன்னது தப்பா?” என்று கேட்டார் சோணைமுத்து.

“இல்லை. நான் எழுதியது தவறு.”

அவர் மகிழ்ச்சி அடையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை ஆண்டாக அவ்வீட்டுக்கு ஏன் போகவில்லை?” என்றேன். “இடையில் இரண்டு முறை ஊருக்கு வந்திருக்கிறீரே.”

“வாசல் வரைக்கும் மூணு தடவை போயிருக்கேன். உள்ள போனா ஆச்சி எல்லாத்தையும் கேப்பாக. எனக்கு மறந்துபோச்சுன்னு சொல்ல வராதுங்க. சொன்னாலும் பொய்யாப் போயிரும். இப்ப முத்துக்கருப்பன் செட்டியாரு வேலைக்குக் கூப்பிட்டாக. வேலைக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

அன்று பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதி அனுப்பிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். நடந்த பிழையை, யாருடையது என்பதோடு, ஆச்சியிடம் முறையாகச் சொன்னேன். முத்துக்கருப்பன் செட்டியார் இடையிலேயே எழுந்துவிட்டார்.

“பங்காளிகளுக்கு எல்லாம் ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியாச்சு. இளையாத்தங்குடிக்கும் ஆளு போயாச்சு. இப்பப் போயி, பன்னெண்டு வருசமா தப்பு நாளுல செஞ்சோம், நாளைக்கே வாங்கன்னா சிரிக்க மாட்டாகளா? ஒரு மனுசன் ஞாபகத்தை நம்பி…”

“மனுசன் ஞாபகத்தை நம்பல. பஞ்சாங்கத்தையும் பாத்தாச்சு,” என்றார் ஆச்சி.

“இல்ல அண்ணமிண்டி, ஒரு நாளு முன்ன பின்ன இருந்தா அண்ணன் கோவிச்சுக்கவா போறாக?”

“ஒங்க அண்ணன் கோவிக்க மாட்டாக. எப்பவும் கோவிச்சது இல்ல. வந்த இடத்துல சோறு இல்லைன்னா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போறவுக. அதனாலதான் எனக்குப் பொறுக்கலை.” ஆச்சி எழுந்து நின்றார். “ஞாயித்துக்கிழமை வாரவுக வரட்டும், சாப்பிட்டுப் போகட்டும். நாளைக்கு நம்ம மட்டும் இலை போடுவோம். வாத்தியாரே, நீங்களும் வரணும். தப்பா எழுதிக் கொடுத்த கையி, சரியான நாளுல சாப்பிட்டுப் போகட்டும்.”

முத்துக்கருப்பன் செட்டியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “வாத்தியாருக்குத் தண்டனை சோறு போடுறதா? அப்படின்னா எனக்கும் ரெண்டு தப்பு எழுதத் தெரியும்,” என்றார். பிறகு தம்முடைய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாழையிலைக்கு ஆளனுப்பச் சென்றார்.

சனிக்கிழமை மழை இல்லை. காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. பத்தரை மணிக்கு நான் போனேன். சோணைமுத்து முதல் நாளே அங்கே தங்கிவிட்டார் என்று சொன்னார்கள். அடுப்படி வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தேன். படையலுக்குச் சமைப்பதைப் படைத்து முடிக்கும்வரை யாரும் நாவில் வைக்கக் கூடாது என்பது முறை. அதனால் உப்பை உள்ளங்கையில் எடுத்து, ஒருமுறை குறைத்து, மறுமுறை கூட்டி, அவர் கொதிக்கும் குழம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு சமைத்த கை அது.

இரண்டாங்கட்டில் சுவரோரம் மெழுகிக் கோலமிட்டு, விளக்கேற்றி, புது வேட்டியும் துண்டும் மடித்து வைத்து, தலைவாழை இலை விரித்திருந்தார்கள். பதார்த்தங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. முத்துக்கருப்பன் செட்டியார் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து இலைமுன் அமர்ந்தார். இனி இலையில் பரிமாறுவதுதான் மிச்சம். ஆச்சி அடுப்படி நடையில் நின்று, சோணைமுத்துவை அருகே அழைத்தார்.

“சோணைமுத்து, நான் பன்னெண்டு வருசமா வைக்கிறது மொச்சைக் குழம்பும் கவுனரிசியும். கலியாணமான புதுசுல அவுக கேட்டுச் சாப்பிட்டது அது. அவுக போறப்ப கலியாணமாகிப் பதினெட்டு வருசம். சேர்ந்து இருந்தது நாலு வருசம் இருக்குமா, அதுகூட இருக்காது. அதுக்கப்புறம் அவுக நாக்கு என்ன கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. நீதான் மூணு வருசம் ஆக்கிப் போட்டே.”

“கேளுங்க ஆச்சி.”

“மூணு வருசத்தையும் அப்புறம் ஒரு நாளு உக்காந்து கேக்குறேன். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு, திங்கக்கிழமை ராத்திரி, கடைசியா அவுக என்ன சாப்பிட்டாக? அதை முதல்ல இலையில வைக்கணும்.”

சோணைமுத்து துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மூன்று முறை வாசல்வரை வந்து அவர் திரும்பிப் போனது இந்தக் கேள்விக்காகத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. விளக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.

“நொய்க்கஞ்சி ஆச்சி,” என்றார் சோணைமுத்து. “ரெண்டு வாயி குடிச்சாக. உப்புப் பத்தலைன்னாக. நான் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள கண்ணை மூடிட்டாக.”